ஏழாவது கேள்விக்கு நான் சொன்ன பொய்

2019-ஆம் ஆண்டின் கடைசியில், மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுவதற்காக ஒரு வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். கேட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் இன்னொரு தாளை நீட்டினார். பத்துக் கேள்விகள். வயது என்ன, வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. ஏழாவது கேள்வி இது: 'நீங்கள் பணம் போட்ட பிறகு சந்தை 20 சதவீதம் இறங்கினால் என்ன செய்வீர்கள்?' கீழே நான்கு பதில்கள். எல்லாவற்றையும் விற்றுவிடுவேன், ஒரு பகுதியை விற்பேன், ஒன்றும் செய்யமாட்டேன், இன்னும் வாங்குவேன்.

யோசிக்கவே இல்லை. 'இன்னும் வாங்குவேன்' என்பதற்கு நேரே டிக் அடித்தேன். இளைஞர் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் அக்ரெசிவ் இன்வெஸ்டர் சார்" என்றார், அதாவது ரிஸ்க்கைத் துணிந்து ஏற்பவன். பரீட்சையில் முதலாவதாக வந்த பையனைப் போல வீட்டுக்குத் திரும்பினேன்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. முந்தைய நாள்தான் மக்கள் ஊரடங்கு என்று சொல்லித் தெருவெல்லாம் தட்டைத் தட்டினார்கள். காலையில் சந்தை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 10 சதவீதம் சரிந்தது. விதிப்படி 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தினார்கள். மறுபடி திறந்த பிறகும் சரிவு நிற்கவில்லை. அன்று ஒரே நாளில் 3,935 புள்ளிகள் போய், 25,981-ல் முடிந்தது. ஜனவரி நடுவில் 42,000-ஐ ஒட்டி நின்ற குறியீடு அது. நான் அன்று இன்னும் வாங்கவில்லை. போட்டதில் மூன்றில் ஒரு பங்கை விற்றேன். அதே ஆண்டு நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியபோது, விற்ற பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது.

வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அன்று எனக்கே தெரியாது, அவ்வளவுதான். சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் என்னைப் போலத்தான் டிக் அடிப்பார்கள். மேலும், 'இன்னும் வாங்குவேன்' என்ற பதிலுக்குள் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: வாங்குவதற்கான பணம் அன்றைக்கு எங்கிருந்து வரும்?

விருப்பம் வேறு, இயலுமை வேறு

முதலீட்டு ஆலோசகர்களுக்காக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2013-ல் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. ஆலோசனை சொல்வதற்கு முன்னால் வாடிக்கையாளரின் ரிஸ்க் தாங்கும் அளவை மதிப்பிட்டாக வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அரசு விதி என்றால் வறட்டு வாசகமாகத்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் படித்தேன். ஆனால் விஷயத்தின் மையத்தை அது தொட்டுவிடுகிறது. போட்ட முதலே குறைந்துபோகும் ஆபத்தை ஏற்க வாடிக்கையாளருக்கு விருப்பம் இல்லையா அல்லது இயலாதா என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது. இழப்பைத் தாங்கும் வசதி அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. கேள்வித்தாள் பயன்படுத்தினால் கேள்விகள் தெளிவாக இருக்க வேண்டும், இரட்டை எதிர்மறை கூடாது, இன்ன பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போகும் கேள்விகள் கூடாது என்றும் சொல்கிறது.

விருப்பத்தை மனத் தெம்பு என்றும், இயலுமையைப் பணத் தெம்பு என்றும் நான் சொல்லிக்கொள்வது வழக்கம். பத்துக் கேள்வித் தாள் இந்த இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கி, கடைசியில் ஒரே மதிப்பெண்ணாக ஊற்றுகிறது. என் தாளில் நடந்ததும் அதுதான். கடன் இல்லை, சம்பளம் நிலையானது என்பதால் பணத் தெம்புக்கு நல்ல மதிப்பெண். வாய்ச்சவடாலுக்கு மனத் தெம்பிலும் நல்ல மதிப்பெண். கூட்டினால் அக்ரெசிவ். இரண்டில் எது குறைவோ அதுதான் ஒருவருடைய அளவு. கூட்டிச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு கால் முழங்கால் ஆழத்திலும் மறுகால் கழுத்தளவு ஆழத்திலும் நிற்பவன் சராசரியாக இடுப்பளவுத் தண்ணீரில்தான் நிற்கிறான் என்று சொல்வது போன்ற கணக்கு அது.

எனக்குத் தெரிந்த இருவரைச் சொல்கிறேன். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை, ஐம்பத்தொரு வயது. 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே வேலையில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் உண்டு. சேமிப்பு முழுவதும் வங்கி எஃப்டி-யில், அதாவது நிரந்தர வைப்பில். இன்னொருவர் திருப்பூரில் இருபது பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவர், முப்பத்தாறு வயது. அவர் பணமெல்லாம் சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஃபண்டுகளில். நூறிலிருந்து வயதைக் கழித்தால் வரும் சதவீதத்தைப் பங்குகளில் வைக்கலாம் என்று ஒரு சூத்திரம் ஊரெங்கும் உலவுகிறது. அதன்படி ஆசிரியைக்கு 49, திருப்பூர்க்காரருக்கு 64.

2020 மார்ச்சில் என்ன நடந்தது? வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. அதே வாரத்தில் திருப்பூர்க்காரருடைய ஃபண்டுகளும் கவிழ்ந்தன. தைப்பவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், பில்டிங் வாடகை கட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் அடிவிலையில் விற்றார். பயந்துபோய் விற்கவில்லை, அவரைவிடத் துணிச்சலான ஆளை நான் பார்த்ததில்லை. வருமானமும் முதலீடும் ஒரே நாளில் ஒரே திசையில் விழும்படி அவருடைய வாழ்க்கை அமைந்திருந்தது. ஆசிரியைக்கோ அந்த மாதமும் சம்பளம் வந்தது. மாதாமாதம் தவறாமல் வரும் சம்பளமும் பின்னால் வரப்போகும் ஓய்வூதியமும் ஒரு பெரிய எஃப்டி மாதிரி அவருக்குப் பின்னால் நிற்கின்றன. அவருடைய பணத் தெம்பு இளையவருடையதைவிட அதிகம். வயதைக் கழிக்கும் சூத்திரம் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

இங்கே நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று நிதி ஆலோசகர்கள் சொன்னால், அப்படி எதுவும் இல்லை என்று நம் குடும்பங்களில் கை விரிப்பார்கள். பீரோவில் இருபது சவரன் இருக்கும். இரவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், காலையில் நகைக்கடன் வாங்கி பில் கட்டிவிடுகிற குடும்பம் அது. அந்த இருபது சவரனை முதலீடு என்று கணக்கெழுதி, 'போர்ட்ஃபோலியோவில் தங்கம் அதிகம்' என்று குறை சொல்லும் ஆலோசகருக்கு நம் வீடுகள் எப்படி ஓடுகின்றன என்பது புரியவில்லை என்றே சொல்வேன். பங்கு விழும்போது விற்காமல் பொறுத்திருக்கும் தெம்பைப் பல வீடுகளில் கொடுப்பது அந்தப் பீரோதான்.

நூறு ரூபாய் போனால்

மனத் தெம்பு அளப்பதற்குக் கடினமானது. பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1963-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் வரும் கதை இது. மதிய உணவின்போது சக பேராசிரியர் ஒருவரிடம் அவர் ஒரு பந்தயம் வைத்தார். நாணயத்தைச் சுண்டுவோம், நீங்கள் சொன்ன பக்கம் விழுந்தால் உங்களுக்கு 200 டாலர், விழாவிட்டால் எனக்கு 100 டாலர். நியாயத்துக்கும் மேலான பந்தயம். பேராசிரியர் மறுத்துவிட்டார். 200 டாலர் வருவதில் இருக்கும் சந்தோஷத்தைவிட 100 டாலர் போவதில் இருக்கும் வலி எனக்கு அதிகம் என்றார். ஆனால் இதே பந்தயத்தை நூறு முறை ஆட விட்டால் தயார் என்றும் சொன்னார். ஒன்றை மறுப்பவர் நூறை ஏற்பது தர்க்கத்துக்கு ஒத்துவராது என்று நிறுவத்தான் சாமுவேல்சன் அந்தக் கட்டுரையை எழுதினார். எனக்கு என்னவோ அந்தப் பேராசிரியரைத்தான் பிடித்திருக்கிறது. அவர் தன்னைத் தெரிந்துவைத்திருந்தார்.

டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இந்த வலிக்கு ஒரு கோட்பாடே கட்டினார்கள். பிற்பாடு 1992-ல் அவர்கள் போட்ட கணக்கின்படி, இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. 2002-ல் கானமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இழப்பை வெறுக்கிறோம் என்பது அந்தக் கோட்பாட்டின் பாதிதான். மறுபாதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. லாபத்தில் இருக்கும்போது கோழையாக இருக்கும் மனிதன், நஷ்டத்தில் இறங்கிவிட்டால் முரடனாகிவிடுகிறான். கையில் வந்ததை உடனே பிடித்துக்கொள்பவன், கைவிட்டுப் போனதை மீட்பதற்காக எதையும் பணயம் வைப்பான்.

நம்பிக்கை வராவிட்டால் பங்கு விலை எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம் கட்டுவது போன்ற நம் நாட்டு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று கண்டது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் தொடர்ந்து அதிலேயே இருந்தார்கள். இவர்களிடம் பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தால் ரிஸ்க் தாங்கும் திறன் மிக அதிகம் என்றுதான் வரும். அதைத் திறன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏலச்சீட்டில் அவசரத்துக்குத் தள்ளி எடுத்து, அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு சீட்டைத் தள்ளி எடுக்கிறவரின் நிலைமை இது.

அந்தப் பேராசிரியரின் பதிலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொரு சுண்டலையும் தனித்தனியாகப் பார்த்தால் வலி. நூறையும் சேர்த்துக் கடைசியில் ஒருமுறை பார்த்தால் வலி இல்லை. ஷ்லோமோ பெனார்ட்சி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர் 1995-ல் இதையே முதலீட்டுக்குப் பொருத்திக் காட்டினார்கள். பங்கு விலை ஒரு நாளில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வாய்ப்பு கிட்டத்தட்டச் சரிபாதி. தினமும் பார்ப்பவருக்குப் பாதி நாள் மகிழ்ச்சி, பாதி நாள் அதைப் போல இரண்டு மடங்கு வலி. கூட்டிப் பார்த்தால் தினமும் நஷ்டக் கணக்குதான். வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு ஏறியிருக்கும் வருடங்களே கூடுதலாகக் கண்ணில் படும். அதே ஆள், அதே பணம், அதே ஃபண்ட். எத்தனை முறை எட்டிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துத் தாங்கும் அளவு மாறிவிடுகிறது. 2020 மார்ச்சில் நான் ஒரு நாளில் எத்தனை முறை கைப்பேசியை எடுத்தேன் என்பதை எண்ணவில்லை. சாப்பிடும்போதுகூட எடுத்தேன் என்று மனைவி பின்னால் சொன்னாள்.

பட்ட அனுபவமும் அளவை மாற்றும். உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் என்ற இருவர் அமெரிக்கக் குடும்பங்களை வைத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு, தம் வாழ்நாளில் மோசமான பங்குச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் பின்னாளிலும் பங்குகளை ஒதுக்குகிறார்கள் என்று காட்டியது. 1930-களின் பெருமந்தத்தில் அடிபட்ட தலைமுறை அதற்குச் சரியான உதாரணம். இதைத் திருப்பிப் போட்டால் நம் கதை. 2020 மார்ச்சில் இந்தியாவில் இருந்த டீமேட் கணக்குகள், அதாவது பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்குகள், ஏறத்தாழ 4 கோடி. நான்கே ஆண்டுகளில் அது 15 கோடியைத் தாண்டியது. அதாவது இன்று கணக்கு வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் 2008-ன் வீழ்ச்சியைப் பார்த்ததில்லை. 2020 மார்ச்சைக்கூடச் செய்தியாகத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய துணிச்சல் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது இன்னும் வெயிலில் காயாத பானை.

திரையில் தெரியாத ஆபத்து

என் சித்தப்பா பங்குச் சந்தையைச் சூதாட்டம் என்பார். அதே சித்தப்பா தெருவில் ஒருவர் நடத்திய பதிவில்லாத சீட்டில் பத்து வருடம் பணம் கட்டினார். சீட்டு நிறுவனங்களுக்கு 1982-லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. பதிவு செய்த சீட்டு ஒன்று, ஆளை நம்பி நடக்கும் சீட்டு வேறொன்று. அந்த வித்தியாசத்தை அவர் கேட்டதே இல்லை. "அவர் இங்கேதான் இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார்?" என்பதுதான் அவருடைய ரிஸ்க் மதிப்பீடு. ஒருநாள் சீட்டுக்காரர் போய்விட்டார்.

கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்களுக்குப் பணம் கட்டியவர்களும் தங்களைத் துணிச்சல்காரர்கள் என்று நினைக்கவில்லை. கோழி கண்ணெதிரே நின்றது. பராமரிப்புத் தொகை மாதம் தவறாமல் வந்தது. பெருந்துறைப் பக்கம் 2012-ல் அது நொறுங்கிய பிறகுதான் முதலீட்டாளர் பாதுகாப்புக்காக 1997-ல் தமிழ்நாடு போட்ட சட்டம் பலர் காதில் விழுந்தது.

எனவே நாம் ரிஸ்க் என்று எதைச் சொல்கிறோம் என்பதையே ஒருமுறை சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் நாம் அஞ்சுவது எண் மாறுவதைப் பார்ப்பதற்குத்தான். பங்கு தினமும் விலை சொல்கிறது, அதனால் பயம். மனைக்கட்டு விலை சொல்வதில்லை, அதனால் பயமில்லை. விற்கப் போகும் நாளில்தான் வாங்க ஆளில்லை என்று தெரியும். தங்கமும் அப்படித்தான். 2013-ல் உச்சத்தில் இருந்த தங்கம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. கழுத்தில் கிடந்த செயினின் மதிப்பு குறைந்துவிட்டதே என்று யாரும் தூக்கம் கெடவில்லை. கழுத்துச் செயினில் யாரும் தினமும் விலையைப் படிப்பதில்லை அல்லவா?

எண் மாறாத இடத்திலும் இழப்பு உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து லட்ச ரூபாய் ஐந்து லட்சத்துக்கு உரிய சரக்கைத்தான் வாங்கும். எஃப்டி வட்டியில் வரி போக மிஞ்சுவது பல வருடங்களில் இந்த ஏற்றத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாததால் மனம் இதை இழப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு தருவது ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாகவே இருந்தது.

பாதுகாப்பானவை என்று பெயரெடுத்த, கடன் பத்திரங்களில் பணம் போடும் கடன் ஃபண்டுகளிலும் 2020 ஏப்ரல் 23 அன்று ஓர் அதிர்ச்சி வந்தது. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன்னுடைய ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் உள்ளே மாட்டிக்கொண்டது. பணம் பிறகு தவணைகளாகத் திரும்பக் கிடைத்தது, உண்மைதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் எடுக்கலாம் என்று அதில் போட்டு வைத்தவருக்கு 'பிறகு' என்பது என்ன பதில்?

ஃபண்ட் விளம்பரங்களில் வேகமானி போல ஒரு படம் இருக்குமே, ரிஸ்க்கோமீட்டர், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி முதல் அதில் ஆறு படிகள். 'குறைவு' என்பதில் தொடங்கி 'மிக அதிகம்' வரை. முள் எங்கே நிற்கிறது என்பதை மாதாமாதம் மறுபடி கணக்கிடுகிறார்கள். அது ஃபண்டைப் பற்றிய சேதி, உங்களைப் பற்றியதல்ல. பங்கு ஃபண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முள் கடைசிப் படியிலேயே நிற்பதால், அவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது அதிகம் உதவுவதும் இல்லை.

சதவீதத்தை ரூபாயாக்கினால்

20 சதவீதம் என்று கேட்டால் மனம் ஒன்றும் சொல்லாது. ரூபாயில் கேட்டால் சொல்லும். 2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் முடிந்தது 20,873-ல். 2009 மார்ச் 9 அன்று 8,160-ல். 61 சதவீத வீழ்ச்சி. உச்சத்தில் 10 லட்சம் வைத்திருந்தவரிடம் பதினான்கு மாதத்தில் மிஞ்சியது 3 லட்சத்து 91 ஆயிரம். இது பெரிய நிறுவனங்களின் கணக்கு. சிறு நிறுவனப் பங்குகள் இதைவிட மோசமாக விழுந்தன. விழுந்தது 61 சதவீதம் என்றாலும், பழைய இடத்துக்கு வர 156 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. 2010 தீபாவளியில்தான் சென்செக்ஸ் அந்த உச்சத்தை எட்டிப் பிடித்தது. பிடித்ததை உடனே விட்டும்விட்டது.

'நீண்ட காலம் வைத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பவர்கள் ஜப்பானைப் பார்ப்பதில்லை. நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள். ஐம்பது வயதில் போட்டவருக்கு எண்பத்து நான்கு வயதாகியிருக்கும். இந்தியா ஜப்பானாகும் என்று நான் சொல்லவில்லை. எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பதும் பணத் தெம்பில் ஒரு பகுதி என்கிறேன்.

2021-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் உட்கார்ந்து இந்தக் கணக்கை எங்களுக்கே போட்டோம். வீடும் நகையும் போக எங்களிடம் இருந்தது 18 லட்சம். அந்த அக்ரெசிவ் பட்டத்துக்கு ஏற்ப 70 சதவீதத்தைப் பங்குகளில் வைத்தால் 12 லட்சத்து 60 ஆயிரம். 2008 திரும்பி வந்தால் அதில் ஏழரை லட்சத்துக்கு மேல் காணாமல் போகும். தாளில் அந்தத் தொகையை எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இது என்ன, பாப்பாவின் காலேஜ் பணமா?" என்றாள்.

"எல்லாம் சேர்ந்ததுதான்."

"அப்படியானால் முதலில் அதைப் பிரித்து வையுங்கள். எட்டு லட்சம். அதைத் தொடக்கூடாது. மீதியில் மூன்று லட்சம் வரை போனால் நான் தூங்குவேன். அதற்கு மேல் போனால் உங்களையும் தூங்க விடமாட்டேன்."

எந்தக் கேள்வித்தாளும் எனக்கு இவ்வளவு தெளிவாக ஒரு பதிலைத் தந்ததில்லை. சதவீதமே வரவில்லை, தொகை வந்தது, எதைத் தொடக்கூடாது என்பது வந்தது, வீட்டில் எவருடைய தூக்கத்துக்கு எவ்வளவு விலை என்பதும் வந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போவது சுலபம். தாங்கக்கூடிய இழப்பு 3 லட்சம். பங்குகள் பாதியாகும் என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம் வரை போடலாம். 2008 போல 60 சதவீதம் விழும் என்று வைத்தால் 5 லட்சம். நாங்கள் 5 லட்சத்தில் நிறுத்தினோம். மொத்தத்தில் 28 சதவீதம். மூன்று வருடம் கழித்து, சம்பளம் கூடி, மகளின் கட்டணத்தில் பாதி கட்டி முடிந்த பிறகு அந்தத் தொகையைக் கூட்டினோம். அளவு அப்படியே நிற்பதல்ல. வேலை மாறினால், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், கடன் அடைந்தால் மறுபடி கணக்குப் போட வேண்டியதுதான்.

இதற்கு முன் சந்தையில் இருந்தவர்களுக்கு இன்னொரு ஆதாரமும் இருக்கிறது: பழைய கணக்கு அறிக்கை. 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான பக்கத்தை எடுத்தால், அந்த நாட்களில் நீங்கள் வாங்கினீர்களா, விற்றீர்களா, மாதாமாதம் போடும் எஸ்ஐபி-யை நிறுத்தினீர்களா என்று தேதியோடு இருக்கும். என்னுடையதில் மார்ச் 23-க்கு நேரே 'ரிடம்ப்ஷன்', அதாவது விற்றுப் பணம் எடுத்தது என்று ஒரு வரி இருக்கிறது. அதைவிட உண்மையான ரிஸ்க் புரொஃபைல் என்னிடம் இல்லை.

சென்ற ஆண்டு கூடுதலாகக் கொஞ்சம் போடலாம் என்று மறுபடி அதே கிளைக்குப் போனேன். இளைஞர் மாறியிருந்தார், தாள் மாறவில்லை. ஏழாவது கேள்வி வந்ததும் 'ஒரு பகுதியை விற்பேன்' என்பதில் டிக் அடித்துக் கொடுத்தேன். அவர் கூட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சார், இப்படிப் போட்டால் நீங்கள் மாடரேட்டில் வருகிறீர்கள். நீங்கள் கேட்ட ஃபண்ட் 'மிக அதிகம்' பிரிவு. சிஸ்டம் ஏற்காது." தாளை என் பக்கம் திருப்பி, பேனாவின் முனையால் நான்காவது பதிலைத் தொட்டுக் காட்டினார். "இங்கே ஒரு டிக் மாற்றிப் போட்டுவிட்டால் போதும்."